இருட்டறையும் வண்ணப் பெட்டியும்



"டிராயிங் பீரியடா? கணக்கு நோட்டை எடுங்கள்!" இந்த ஆண்டு எங்கள் பத்தாம் வகுப்பில் மிக அதிகமாக ஒலித்த வாக்கியம் எது என்று போட்டி வைத்தால் முதற் பரிசு இதற்கே கிடைக்கும். அரையாண்டுத் தேர்வு முடிந்த கையோடு ஓவிய வகுப்பு எங்களிடமிருந்து பறிபோயிற்று. வெள்ளிக்கிழமை ஆறாவது பீரியட் வந்தால் கரும்பலகையில் முக்கோணங்களும் வட்டங்களும் வரையப்படுகின்றன. அதுவும் படம்தானே என்று எங்களில் ஒருத்தி முணுமுணுத்து, பெஞ்சின் மேல் நின்றாள்.

அரசுத் தேர்வுக்கு 5 பாடங்கள், 500 மதிப்பெண்கள். அதில் ஓவியத்துக்கு இடமில்லை என்பது எங்களுக்கும் தெரியும். பெற்றோர் சொல்வதும் காதில் விழாமலில்லை. "படம் போட்டால் மார்க் வருமா?" என்று கேட்கும் அப்பாமாருக்கு நாங்கள் என்ன பதில் சொல்வது? ஆனால் இந்த ஆண்டின் முதல் பாதியில் அந்த ஒரு வகுப்பிலே நாங்கள் கற்றதை எண்ணிப் பார்க்கும்போது, இதைப் பள்ளி மலரில் எழுதாமல் விடை பெற்றுச் செல்ல மனம் ஒப்பவில்லை. எனவே 41 பேரும் கூடிப் பேசி, "நாங்கள்" என்றே இதை எழுதுகிறோம். கருத்து வேறுபாடு உள்ள இடத்தில் அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறோம்.

கடந்த ஆண்டு வரை ஓவிய வகுப்பு என்றால் எங்களுக்கு என்ன? குடை, மாம்பழம், மூன்று மலைகளுக்கு நடுவே உதிக்கும் சூரியன், கீழே ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை. எங்களில் பாதிப் பேர் மலையையே கண்டதில்லை. எங்கள் ஊர் தஞ்சைச் சமவெளியில் இருக்கிறது. எங்கு பார்த்தாலும் வயல்தான். ஆயினும் முதல் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை மலைகளையே வரைந்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை.

இந்த ஆண்டு வந்த ஓவிய ஆசிரியை, தம் தந்தையார் ஸ்டூடியோ வைத்திருந்தவர் என்று முதல் நாளே சொன்னார்கள். மாடிப்படியின் கீழ் உடைந்த நாற்காலிகள் போட்டிருந்த அறையைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால், துணி மூடிய நிலையில் ஒரு பழைய என்லார்ஜர்! நம் பள்ளியில் எந்தக் காலத்திலோ புகைப்படக் கழகம் இருந்ததாம். அக்கால அக்காமார் இப்போது பாட்டிமாராய் இருப்பார்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கம். விளக்கு மட்டும்தான் எரியவில்லை. மற்றபடி எலி கூட அதைத் தொடவில்லை.

முதலில் காமிராவே இல்லாமல் படம் எடுத்தோம் என்றால் நம்புவீர்களா? வேதியியல் கூடத்திலிருந்து ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற இரண்டு உப்புகளை வாங்கிக் கரைத்து, வரைதாளில் பூசி, நிழலில் உலர்த்தி, அதன் மேல் வேப்பிலைக் கொத்தை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி, மைதானத்து வெயிலில் வைத்தோம். பிறகு தண்ணீரில் அலசினால் தாள் முழுதும் நீலம். இலை இருந்த இடம் வெண்மை. நரம்பு கூடத் தெரிந்தது. இம்முறையை 1842-இல் கண்டறிந்தவர் ஜான் ஹெர்ஷல் என்னும் ஆங்கில வானியல் அறிஞர். அடுத்த ஆண்டே, 1843-இல், அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இவ்விதம் பதிவு செய்து புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். புகைப்படங்களைக் கொண்டு அமைந்த முதல் நூல் அதுவே என்பர். உலகத்தின் முதல் புகைப்பட நூலைச் செய்தவர் ஒரு பெண் என்று கேட்டவுடன் எங்கள் வகுப்பில் எழுந்த கைதட்டல், பக்கத்து வகுப்பு சிஸ்டரை எங்கள் வாசலுக்கு வரவழைத்துவிட்டது.

பிறகு உண்மையான இருட்டறைக்கு வந்தோம். காமிரா டீச்சருடையது. ஒரு கறுப்பு வெள்ளைச் சுருளில் 36 படம். நாங்களோ 41 பேர். சீட்டுக் குலுக்கி, பத்துப் பேர் இருவர் இருவராகச் சேர்ந்து, ஆளுக்கு ஒரே ஒரு படம் என்று பிரித்துக்கொண்டோம். கைபேசியில் ஒரு பூனையை முப்பது முறை எடுத்து இருபத்தொன்பதை அழிக்கும் எங்களுக்கு இது பெரிய சோதனை! ஒரே படம்தான் என்றால் எதை எடுப்பது? ஒரு வாரம் அதையே பேசினோம். விசையை அழுத்துவதற்கு முன் எவ்வளவு நேரம் பார்க்க வேண்டியிருந்தது! பார்ப்பதற்கே ஒரு பயிற்சி தேவை என்பதை எங்கள் ஒன்பது ஆண்டு மலைச் சூரியன் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை.

பிலிமைக் கழுவுவது எளிதன்று. தாளுக்குச் சிவப்பு விளக்கு போதும்; பிலிமுக்கு அதுவும் ஆகாது, முழு இருட்டு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு சுருளில் ஏற்றிப் பழகினோம். தண்ணீர் 20 டிகிரியில் இருக்க வேண்டுமாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரா? ஆகஸ்ட் மாதத்தில் கூட அது வெந்நீருக்குத் தம்பி. பெரிய பேசினில் பனிக்கட்டி போட்டு, அதற்குள் மருந்துப் பாத்திரத்தை வைத்துக் குளிரச் செய்தோம். பனிக்கட்டி தந்தது விடுதிச் சமையற்கட்டு. அந்தச் சமையற்கட்டைப் பற்றிப் பின்னர் வருகிறோம். இங்கே கணக்கு டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஒன்றுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற விகிதத்தை நாங்கள் ஒன்பதில் ஒன்று என்று கலக்கப் போன சமயம், அவ்வழியே வந்த அவர்கள்தாம் தடுத்துத் திருத்தினார்கள். எங்கள் பீரியடை எடுத்துக்கொண்டவர்களும் அவர்களே. நன்றியும் மனத்தாங்கலும் ஒரே ஆளிடம் இருக்கலாம் அல்லவா?

36-இல் 25 தேறின. மீதியில் சில வெறும் இருட்டு; ஒன்றில் எடுத்தவளின் கட்டைவிரல் மட்டும். தேறியவற்றைத் தாளில் அச்சிடும் நாள் வந்தது. என்லார்ஜரின் கீழ் சில விநாடி வெளிச்சம் காட்டிய வெள்ளைத் தாளை டெவலப்பரில் போட்டுத் தட்டை மெல்ல ஆட்டுகிறோம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. பிறகு தாளின் நடுவில் ஒரு சாம்பல் நிறக் கறை, அது புருவம்! பின் கண்; பின் தலைமுடி. சிவப்பு வெளிச்சத்தில் ஏழு தலைகள் ஒரு தட்டின் மேல் குனிந்து மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். வெள்ளி உப்பு வெள்ளித் துகளாக மாறுகிறது என்ற சமன்பாட்டை வேதியியலில் எழுதி மதிப்பெண் பெற்றிருக்கிறோம். அது இப்படி முகமாக வரும் என்று எவருக்குத் தெரியும்? அடுத்துக் காடி நாற்றமடிக்கும் அமிலம், அதற்கடுத்து ஹைப்போ. ஒளிபடாது மிஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து வெளியேற்றுவது ஹைப்போவின் வேலை. அது அவ்வுப்பைக் கரைக்கும் என்பதை 1819-இலேயே கண்டவரும் அதே ஹெர்ஷல்தான்.

எங்கள் அவசரத்தையும் சொல்லிவிடுகிறோம். மணி அடித்துவிடுமே என்று ஹைப்போவில் அரைகுறையாகப் போட்டு, சரியாக அலசாமல் எடுத்த நாலைந்து படங்கள் மூன்று வாரத்தில் பழுப்பேறிவிட்டன. டீச்சர் அவற்றைக் கிழிக்கவில்லை, திட்டவுமில்லை. அறிவிப்புப் பலகையில் நல்ல படங்களுக்குப் பக்கத்திலேயே குத்தி வைத்துவிட்டார்கள். 45 நிமிட பீரியட் இந்த வேலைக்குப் போதாது என்பதற்கு அந்தப் பழுப்புப் படங்களே சாட்சி. போய்ப் பாருங்கள், இன்னும் அங்கே இருக்கின்றன.

இனிச் சமையற்கட்டு. எங்களில் ஒருத்தி தனக்குக் கிடைத்த ஒரே படத்துக்கு விடுதிச் சமையற்கார ஆயாவைத் தேர்ந்தாள். அடுப்பருகே நின்று சோற்றுப் பானையை வடிக்கும் தறுவாயில், சன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழ, எடுத்த படம். 25-இலும் அதுவே சிறந்தது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஈரத் தாளைக் கொண்டுபோய் ஆயாவிடமே காட்டினோம். ஆயா சற்று நேரம் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணுங்களா, என்னை இப்படி அடுப்புக்கரி மாதிரியா போட்டு வெச்சிருக்கீங்க? கொஞ்சம் வெளுப்பாப் போடக் கூடாதா?" என்றார்கள்.

அன்று தொடங்கிய சண்டை இன்னும் எங்கள் வகுப்பில் முடியவில்லை.

வெளுப்பாகப் போட முடியுமா என்றால், முடியும், அதுதான் சங்கடம். என்லார்ஜரில் தாளுக்கு 12 விநாடி வெளிச்சம் காட்டினால் முகம் உள்ள நிறத்தில் வருகிறது. 8 விநாடியில் நிறுத்திவிட்டால் வெளுத்து வருகிறது. நாலே விநாடி வேற்றுமை. காமிரா பொய் சொல்லாது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். காமிரா சொல்லாமல் இருக்கலாம்; இருட்டறையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவள் சொல்லலாமே! எத்தனை விநாடி என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். இந்த முறை அது நாங்கள்.

ஒரு கட்சி சொன்னது: "படம் ஆயாவுடையது. அவர்கள் ஆசைப்படி செய்து கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஸ்டூடியோக்காரர்கள் காலம் காலமாகச் செய்ததுதானே?" இதில் உண்மையில்லாமலில்லை. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் கூர்மையான பென்சிலால் நெகட்டிவின் மேலேயே தொட்டுத் தொட்டு முகச் சுருக்கங்களை நீக்குவார்களாம். பழைய வீட்டுக் கூடங்களில் தொங்கும் தாத்தா பாட்டி படங்களைக் கவனித்ததுண்டா? கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் சேலைக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள் என்று கையால் வண்ணம் தீட்டியிருப்பார்கள். புகைப்படம் எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது.

இக்கட்சியினர் ஒரு பெரிய சாட்சியையும் கொண்டுவந்தார்கள். 1858-இல் மதராஸ் அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த காப்டன் லின்னேயஸ் டிரைப் என்பவர் தஞ்சை, மதுரை, திருவரங்கம் முதலிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒன்றோடொன்று ஒட்டினார். அதன் நீளம் ஏறத்தாழ 19 அடி! அக்காலத்து நெகட்டிவ் காகிதத்தால் ஆனது. வானத்தின் நீலம் அதில் அளவுக்கு மீறிப் பதிந்து, படத்தில் வானம் வெறுமையாக வந்துவிடும். ஆகவே டிரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். "டிரைப் மேகம் போடலாம், நாம் ஆயாவுக்கு வெளுப்புப் போடக் கூடாதா?" என்று கேட்டார்கள்.

எங்களில் பலர் இதற்குச் சொன்ன மறுமொழி இது. வானத்தில் மேகம் இருந்தது. காகிதத்துக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை. காகிதத்தின் குறையைக் கை நிரப்பிற்று. ஆயாவின் முகத்தையோ பிலிம் நன்றாகவே பிடித்திருக்கிறது. அதில் குறை எங்கே இருக்கிறது? பிலிமிலா, ஆயாவிலா, அல்லது எங்கள் எல்லோருடைய கண்ணிலுமா? 8 விநாடிப் படத்தில் முகம் மட்டுமா வெளுக்கிறது? கரி படிந்த சுவர் காணாமற் போகிறது. கைநரம்பு போகிறது. முப்பது ஆண்டாய் அடுப்படியில் நின்றதன் அடையாளம் எல்லாம் போய், யாரோ ஓர் அம்மாள் வெள்ளைச் சுவருக்கு முன் நிற்கிறார்கள். 12 விநாடிப் படத்தில்தான் மூக்குத்தி மின்னுகிறது. கறுப்பு இருந்தால்தானே மின்னும்?

"டிரைப் தீட்டிய மேகம் அன்றைக்கு அதே இடத்தில் இருந்ததா என்று நீ கண்டாயா?" என்று எதிர்க்கட்சி மடக்கியபோது எங்களிடம் பதில் இல்லை. இதையும் எழுதிவிடுகிறோம்.

வண்ணப் பெட்டிக்கு வந்தபோது சங்கதி இன்னும் முற்றிற்று. அதே படத்தைப் பார்த்து ஆயாவைப் போஸ்டர் கலரில் தீட்ட வேண்டும் என்றார்கள் டீச்சர். எங்கள் பெட்டிகளில் "ஃபிளெஷ் டின்ட்" என்று பெயரெழுதிய குப்பி ஒன்று இருக்கிறது. மனிதத் தோலின் நிறம் என்று பொருள். திறந்து பார்த்தால் இளஞ்சிவப்பு! வரிசையாகக் கைகளை நீட்டி அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 41 கைகள், ஒன்றும் பொருந்தவில்லை. டீச்சர் கையும் பொருந்தவில்லை. எங்கள் தோலின் நிறம் தோலின் நிறமே அன்று என்று ஒரு சிறு குப்பி இத்தனை ஆண்டுகளாகச் சொல்லிவந்திருக்கிறது. நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டு, வரைந்த ராணிகளுக்கெல்லாம் அதையே பூசி வந்திருக்கிறோம்!

அந்தக் குப்பியை மூடி வைத்துவிட்டுக் கலந்து பார்த்தோம். பர்ன்ட் சியன்னா, எல்லோ ஓக்கர், சிறிது சிவப்பு, நிழல் விழும் இடத்துக்குத் துளி அல்ட்ராமரீன் நீலம். கறுப்பைத் தொடவே வேண்டாம் என்றார்கள் டீச்சர். கறுப்புத் தோலுக்குக் கறுப்பு வண்ணம் தேவையில்லை என்பது அன்றைய வியப்பு. வெளிச்சம் விழுந்த கன்னத்தில் ஆரஞ்சு, கழுத்தடியில் ஊதா, நெற்றி வியர்வையில் சன்னலின் நீலம். ஆயா முகத்தில் இத்தனை நிறங்களா! மூன்று வெள்ளிக்கிழமை ஆயிற்று. சிலருக்குச் சரியாக வரவில்லை. செம்மண் பொம்மை போல் வந்தது. வந்தவர்களுக்கு வந்தது.

இரண்டு கலைகளும் ஒன்றுக்கொன்று பாடம் சொல்லிக்கொடுப்பதை அப்போதுதான் கண்டோம். நிழல் எந்த இடத்தில் தொடங்கி எங்கே கரைகிறது என்பதைப் புகைப்படம் காட்டிற்று. இல்லாவிட்டால் நாங்கள் மூக்குக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டு நிறுத்தியிருப்போம். அதேபோல் ஆயாவின் சிவப்பு ரவிக்கையும் பச்சைச் சேலையும் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரே சாம்பலாக வந்திருந்தன. அவை வேறு வேறு என்று சொல்லத் தூரிகை வேண்டியிருந்தது. ஆகவே, "காமிரா வந்த பிறகு ஓவியம் எதற்கு?" என்று கேட்பவர்களையும், "பொத்தானை அமுக்குவது ஒரு கலையா?" என்று சிரிப்பவர்களையும் எங்கள் இருட்டறைக்கு ஒரு நாள் அழைக்க விரும்புகிறோம்.

இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ்க் கற்பிப்பது ஏதோ புதுமை என்று எண்ண வேண்டாம். 1850-இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் ஓவியப் பள்ளி தொடங்கினார். இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அதன் தொடர்ச்சியே. அவர் அங்கே வரைதலோடு புகைப்படக் கலையையும் கற்பிக்கச் செய்தார். அந்த நாளில் முடிந்தது இன்று முடியாதா? டிரைப்பின் வேலை பின்னர் என்னவாயிற்று என்பதையும் கேளுங்கள். 1859-இல் மதராஸ் ஆளுநராக வந்த சர் சார்ல்ஸ் டிரெவெலியன், இது வீண் ஆடம்பரச் செலவு என்று அதை நிறுத்திவிட்டார். டிரைப் எடுத்த படங்களோ இன்றும் உலகத்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆளுநர் அன்று மிச்சம் பிடித்த பணம் எங்கே இருக்கிறது? எங்கள் ஆறாவது பீரியடைப் பறிகொடுத்த நாளில் இந்தக் கதை எங்களுக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்பவர்களுக்கு ஹோமாய் வியாரவல்லாவின் பெயரைச் சொல்லுகிறோம். 1913-இல் பிறந்து, பம்பாய் ஜே.ஜே. கலைப்பள்ளியில் பயின்று, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஆனவர். தொடக்கத்தில் அவர் எடுத்த படங்கள் அவருடைய கணவரின் பெயரில் வெளியாயினவாம்! 2011-இல் அவருக்குப் பத்ம விபூஷண் கிடைத்தது. அடுத்த ஆண்டு காலமானார். எங்கள் 25 படங்களின் பின்புறத்திலும் எடுத்தவள் பெயரை மையால் எழுதி வைத்திருக்கிறோம். காரணம் இப்போது புரிந்திருக்கும்.

ஒப்புக்கொள்கிறோம், பிலிம் கழுவும் காலம் போய்விட்டது. நம் நீலகிரியிலேயே, உதகையில், 1967 முதல் பிலிமும் தாளும் தயாரித்து வந்த அரசுத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. "இந்து" என்பது அதன் பிலிமின் பெயர். இப்போது அது மூடிக் கிடக்கிறது. நாங்கள் எவரும் இதைத் தொழிலாகச் செய்து பிழைக்கப் போவதில்லை. ஆனால் கைபேசியில் படம் எடுத்தவுடன் அதுவாகவே முகத்தை வெளுத்துத் தருகிறதே, அதை முன்பெல்லாம் நாங்கள் கவனித்ததே இல்லை. 8 விநாடிக்கும் 12 விநாடிக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ட பிறகு, "என்னைக் கேட்காமல் எத்தனை விநாடி குறைத்தாய்?" என்று அதனிடம் கேட்கத் தோன்றுகிறது. இதற்கு மதிப்பெண் இல்லைதான்.

ஆயாவின் படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு விதமாகவும் அச்சிட்டு, இரண்டையும் அவர்கள் முன் வைத்தோம். 12 விநாடிப் படத்தை எடுத்துக்கொள்வார்கள், எங்கள் பேச்சைக் கேட்டு மனம் மாறியிருப்பார்கள் என்று எங்களில் பலர் எதிர்பார்த்தோம். ஆயா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "இது நல்லாத்தான் இருக்கு, நானேதான்" என்று கறுப்பைத் தொட்டார்கள். பிறகு வெளுத்ததை எடுத்துச் சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "மருமக வீட்டுல மாட்டி வைக்கணும் இல்ல கண்ணு" என்றார்கள். கொடுத்துவிட்டோம். கொடுத்தது சரியா தவறா என்பதில் வகுப்பு இன்றும் 23-க்கு 18 என்று பிரிந்து நிற்கிறது. கறுத்த படம் ஆண்டுவிழாக் கண்காட்சியில் இருக்கும். கூடவே எங்கள் வண்ண ஓவியங்கள் ஆறும் இருக்கும்.

தலைமை ஆசிரியை மதர் அவர்களுக்கு எங்கள் பணிவான விண்ணப்பம் ஒன்று. எங்கள் பீரியட் போனது போகட்டும். வரும் ஆண்டு பத்தாம் வகுப்புக்கு வரும் தங்கைகளுக்கு வெள்ளிக்கிழமை ஐந்தாவது, ஆறாவது பீரியட் இரண்டையும் சேர்த்து ஓவியத்துக்கு, ஏப்ரல் வரை, ஒதுக்கித் தர வேண்டும். கணக்கு டீச்சருக்கு ஈடாக எங்கள் நாடகப் பயிற்சி நேரத்தைத் தரலாம். அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

தங்கைகளே, இருட்டறைச் சாவி விடுதி சிஸ்டரிடம் இருக்கிறது. ஹைப்போ முக்கால் குப்பி மீதம் இருக்கிறது. டெவலப்பரைப் புதிதாகக் கலக்க வேண்டும், ஒன்றுக்கு ஒன்பது. பனிக்கட்டிக்கு ஆயாவை முதல் நாள் மாலையே கேட்டு வையுங்கள், காலையில் கேட்டால் கோபிப்பார்கள். சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறக்காதீர்கள். படங்களை ஓடும் தண்ணீரில் அலசுங்கள், மணி அடித்தாலும்.